நான் கழற்றிய நீலக் கம்பி

ரேடியோ பழுதுபார்க்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாராவது ஒருவர், என்றாவது ஒரு நாள், சாலிடர் கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, "இப்போதைக்கு இதைக் கழற்றி வைப்போம், பாகம் வந்ததும் திரும்பப் பூட்டலாம்" என்று நினைப்பீர்கள். அந்த ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். ஒவ்வொரு ரேடியோச் செற்றிலும் என்ன பழுது, எத்தனை மணிக்கு, என்ன செய்தேன் என்று எழுதிப் பக்கங்களுக்கு இலக்கம் இட்டு வைத்திருக்கிறேன். ஆகவே கீழே வரும் நேரங்கள் பார்த்து எழுதியவை. பேச்சுகள் மட்டும் ஞாபகத்திலிருந்து. அவற்றை எழுதிவைக்க வேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டதில்லை.

யுத்த காலத்தில் மட்டக்களப்பு நகரில் ஒரு நிவாரண நிறுவனத்தின் ரேடியோ அறை என் பொறுப்பில் இருந்தது. எங்களிடம் நோயாளர்களை ஏற்றும் வாகனம் ஒன்று இருந்தது. அதை ஓட்டியவன் யோகன். பழுகாமத்து ஆள், என் வயது. எதையும் பகிடியாகத்தான் சொல்வான்.

வாவியின் மேற்கே படுவான்கரை ஊர்களில் ஒருவருக்கு நோய் கடுமையானால் நகர ஆஸ்பத்திரிக்குத்தான் வரவேண்டும். யோகன் ஆளை ஏற்றிக்கொண்டு துறைக்கு வருவான். 'பாதை' என்று நாங்கள் சொல்லும் தட்டையான மிதவையில் வாகனத்தை ஏற்றித்தான் வாவியைக் கடக்க வேண்டும். ஏற்றுமுன் அவன் ரேடியோவில் என்னை அழைப்பான். நான் தொலைபேசியில் இராணுவ முகாமுக்கு அறிவிப்பேன். முகாம் எதிர்க்கரைக் காவலரணுக்குச் சொல்லும். அதன் பிறகுதான் பாதை நகரும். அறிவிக்காமல் நகர்ந்த பாதையை நோக்கி ஒருமுறை சுட்டிருந்தார்கள். அதனால் எவ்வளவு அவசரம் என்றாலும் என் பதில் வரும்வரை அவன் காத்திருப்பான்.

அந்த வருடம் கோடை வெயில் ஏறத் தொடங்கியதும் அவனுடைய வாகனச் செற் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. மைக்கை அழுத்தினால் ஒலிபரப்பாது. முகப்பில் சிவப்பு விளக்கு எரியும். சற்று நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிடும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். செற்றுக்குள் அலையை உண்டாக்கும் பகுதி நிலையில்லாதது. சூடு ஏறினாலும் மின்னழுத்தம் இறங்கினாலும் அதன் அதிர்வெண் நகரும். பக்கத்தில் ஒரு பளிங்கு இருக்கிறது, அது அசையாது. இரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டு, நகர்வதை இழுத்து நிறுத்துவதுதான் பி.எல்.எல். வாவியில் கம்பு நட்டு அதில் தோணியைக் கட்டிவைப்பதைப் போல. காற்று தள்ளும், கயிறு இழுக்கும், தோணி நிற்கும். கயிறு அறுந்தால் தோணி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப் பிடி விட்ட கணத்தில் ஒலிபரப்பை நிறுத்திவிட ஒரு சிறு சுற்று இருக்கும். அந்தச் சுற்றிலிருந்து வரும் கம்பி எங்கள் செற்றில் நீல நிறம். யோகனின் செற் பேச மறுத்ததற்குக் காரணம் அந்தக் கம்பி தன் வேலையைச் சரியாகச் செய்ததுதான்.

ஒரு நாள் அவன் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றி வந்தான். துறையில் பகல் ஒன்று நாற்பதிலிருந்து இரண்டு ஐம்பது வரை செற் பேசவில்லை. பிள்ளை துறையிலேயே, வாகனத்துக்குள் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் காலை வாகனத்தைக் கழுவிவிட்டு, கால்சட்டை முழங்கால்வரை நனைந்தபடி யோகன் என் மேசைக்கு வந்தான்.

"மச்சான், ஒரு மணித்தியாலத்துக்கு மேல மைக்கக் கடிச்சுக்கிட்டு நிண்டன். பின்னால அந்தப் புள்ள கத்துது. உன்ட செற் வாய மூடிக்கிட்டு எனக்குச் சிவப்பு லைற்றக் காட்டுது. அதப் பேச வைக்க ஏலாதா உனக்கு?"

"பாகம் கொழும்பில இருந்து வரவேணும். அதுக்கு அனுமதிக் கடிதம் கிடைச்சாத்தான் அனுப்புவாங்க."

"அப்ப கடிதம் வரும் மட்டும் பெத்துக்க வேணாமெண்டு பொம்பிளையளுக்குச் சொல்லட்டா?"

அன்று பதினொரு மணிக்கு நீலக் கம்பியைக் கழற்றினேன். முனையை நாடாவால் சுற்றி மடித்து வைத்தேன். செற்றை மேசையில், மின்விசிறிக்குக் கீழே, புதிய பற்றரியில் பூட்டி அரை மணி நேரம் சோதித்தேன். அதிர்வெண்மானியில் கடைசி இலக்கம்கூட அசையவில்லை. நாட்குறிப்பில் 47ஆம் பக்கத்தில் எழுதினேன்: "நீலக் கம்பி கழற்றப்பட்டது. தற்காலிகம். பாகம் வந்ததும் மீளப் பூட்டுக."

யோகனிடம் சொன்னது இவ்வளவுதான்: "இனிப் பேசும்."

"இஞ்சினியர்தான்டா நீ" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான்.

கம்பியைக் கழற்றியது ஒரு பிழை. குளிர்ந்த மேசையில் சோதித்து அதை நம்பியது இன்னொரு பிழை. அவனிடம் சொல்லாமல் விட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. எழுதி வைத்ததால் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். ஒழுங்காக எழுதுகிறவர்களுக்கு இந்த நோய் வரும். உங்களில் சிலருக்கு அது இப்போதே இருக்கிறது.

எட்டு நாட்கள் செற் நன்றாகப் பேசியது. ஒன்பதாம் நாள் பகல் இரண்டு பத்துக்கு யோகன் அழைத்தான். கடும் காய்ச்சலில் ஒரு வயோதிபரையும் அவருடைய மகளையும் ஏற்றிக்கொண்டு புறப்படுவதாகச் சொன்னான். இரண்டு நாற்பதுக்குத் துறையிலிருந்து அழைப்பு வரவேண்டும். வரவில்லை. மூன்று மணிக்கு நான் அழைத்தேன், பதில் இல்லை. மூன்று பதினைந்து, மூன்று முப்பது என்று எழுதிக்கொண்டே போனேன். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டு போவதை இன்றும் பார்க்கலாம்.

ஐந்து மணியளவில் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த மகள் எங்கள் அலுவலகத்துக்கு ஓடிவந்தாள். தகப்பனை மீன்பிடித் தோணி ஒன்றில் கொண்டுவந்து சேர்த்துவிட்டிருந்தாள். சேலையின் கீழ்ப்பாதி ஈரமாக இருந்தது.

"டைவர் அண்ணன ஆமி புடிச்சிட்டுப் போயிட்டாங்க. அவர் மைக்கில கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தவர். ஒருத்தரும் பேசல்ல. மறுகா வாவிக்குள்ளால இஞ்சின் போட்டில வந்தாங்க. மைக்கோடயே இழுத்தாங்க."

"என்ன சொல்லி இழுத்தாங்க?"

"எங்கட லைனில நீ என்னத்துக்குக் கதைக்கிறாய் எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. அவருக்கு ஒண்டும் விளங்கல்ல. எனக்கும் விளங்கல்ல அண்ணன்."

எனக்கு விளங்கியது. பிடி விட்ட செற், நீலக் கம்பி இல்லாததால் நிற்காமல், அதிர்வெண்ணில் நகர்ந்து நகர்ந்து இராணுவத்தின் தொடர்புக்குள் போய் நின்றிருக்கிறது. நான் கேட்காததற்கும் அவர்கள் கேட்டதற்கும் காரணம் ஒன்றே.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரேடியோ அறையைத் திறந்ததும் முதலில் செய்த காரியத்தைச் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. நாட்குறிப்பில் 47ஆம் பக்கத்தை விரித்து, இரும்பு அடிமட்டத்தை ஓரமாக வைத்து, சவர அலகைக் கையில் எடுத்தேன். இராணுவத்தின் அலைவரிசைக்குள் போன செற்றில் கைவைத்தவன் தமிழன், அதைத் தன் கைப்பட எழுதியும் வைத்திருக்கிறான். இந்த ஒரு வரிக்காக என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். முந்திய வருடம் எங்கள் தெருவில் ஒருவர் பழைய ரேடியோப் பெட்டி ஒன்றை வைத்திருந்ததற்காகக் கொண்டுபோகப்பட்டார். அவர் திரும்பி வரவில்லை.

நான் வெட்டாமல் விட்டது தைரியத்தால் அல்ல. 47ஐ வெட்டினால் அதன் பின்பக்கம் 48உம் போகும், இலக்கம் இடறும், பார்ப்பவர் கேட்பார். அதை யோசித்துக்கொண்டு நிற்கும்போதுதான் யோகனின் மனைவி தவமணி வாசலுக்கு வந்தாள். நான் அலகை அடிமட்டத்துக்குக் கீழே தள்ளினேன்.

"அண்ணன், அவர் வேணுமெண்டு அப்படிச் செய்வாரா? ரேடியோவத் திருப்பித் திருப்பி ஆமிர லைனப் புடிச்சவராம். காம்ப் வாசல்ல சொல்றாங்க. அவருக்கு வீட்டு ரேடியோவில ஸ்ரேசன் புடிக்கவே நான்தான் திருப்பிக் குடுக்கிற."

"அவன் ஒண்டும் செய்யல்ல."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் அவளுடைய முகத்தைப் பார்க்காமல், "தெரியும்" என்றேன். காரணத்தைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது. அவள் கேட்கவில்லை. நம்பிவிட்டாள்.

எங்கள் நிறுவனப் பொறுப்பாளரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தம்பி, செற் பழுது எண்டு மட்டும் சொல்லு. கம்பிக் கதையை எடுக்காத. எடுத்தா உள்ளுக்க ரெண்டு பேர். பிறகு நான் ஆரைக் கூட்டிக்கொண்டு போய் ஆருக்காகக் கதைக்கிற?"

அது புத்தியான பேச்சு. நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு அவருடைய கடிதம், அதிர்வெண்மானி, சாலிடர் பெட்டி, நாட்குறிப்பு இவற்றோடு முகாம் வாசலில் நின்றேன். மண்மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற சிப்பாய் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தான். ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் எங்கள் தொழிலைப் பற்றித்தான் யோசித்தேன், பயத்தை மறக்க. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குறியைக் கண்டுபிடிக்க நாம் ஒரு எல்லை வைக்கிறோம். அதைத் தாண்டினால் குறி, தாண்டாவிட்டால் இரைச்சல். எதையும் தவறவிடக் கூடாது என்று எல்லையை இறக்கிக்கொண்டே போனால், இரைச்சல் எல்லாம் குறியாகத் தெரியும். அந்த முகாம் வாசலில் எல்லை தரைமட்டத்தில் இருந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பாய் வியாபாரி, தயிர்ச்சட்டி கொண்டுவந்த பெண், நான், எல்லோரும் குறிகள்தான்.

என்னை விசாரித்தவர் தகவல் தொடர்புப் பிரிவின் கப்டன். மெலிந்த மனிதர். ஆங்கிலத்தில் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். யோகனின் செற்றைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள். மேலே மின்விசிறி சுழன்றது. பக்கத்தில் நல்ல பற்றரி.

"பழுது என்கிறீர்கள். காட்டுங்கள்."

அன்ரெனாவுக்குப் பதிலாக, அலையை வெளியே விடாமல் தின்றுவிடும் உருளையைப் பூட்டி, மைக்கை அழுத்தினேன். மானியில் இலக்கங்கள் கல்லைப் போல நின்றன. மீண்டும் அழுத்தினேன். பத்துத் தடவை. பத்திலும் அதே எண்.

"இதில் பழுது இல்லை" என்றார். "அப்படியென்றால் உங்கள் சாரதிதான் மாற்றியிருக்கிறான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?"

எங்கோ பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். யோகனா என்று தெரியவில்லை. அந்த இருமல் நின்றபோது எனக்கு ஒன்று புரிந்தது. நான் கொண்டுவந்த பாதி உண்மை என்னைக் காப்பாற்றுகிறது, அவனை முடித்துவிடுகிறது. செற் சரி என்றால் குற்றம் அவனுடையது.

"தெரிகிறது" என்றேன். "பிடி விட்டால் ஒலிபரப்பை நிறுத்தும் கம்பியை நான் கழற்றினேன். அவனுக்குத் தெரியாது."

நாட்குறிப்பை 47ஆம் பக்கத்தில் விரித்து அவர் முன் வைத்தேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒரு சிப்பாயைக் கூப்பிட்டார். அந்தச் சிப்பாய் எழுத்துக்கூட்டி வாசித்துச் சிங்களத்தில் சொன்னான். 'தற்காலிகம்' என்ற சொல்லில் தடுமாறி இரண்டு தரம் வாசித்தான்.

கப்டன் செற்றின் மூடியைக் கழற்றி நாடா சுற்றிய நீல முனையைப் பார்த்தார். பிறகு, "கழற்றியதை நம்புகிறேன். அது தானாக நகர்ந்தது என்பதை ஏன் நம்ப வேண்டும்? எனக்கு முன்னால் பத்துத் தடவை நின்றதே" என்றார்.

நாட்குறிப்பைப் புரட்டினேன், கைக்கு வேறு வேலை தெரியாததால். பழைய பழுதுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. ஒன்று ஐம்பது, துறை. இரண்டு ஐந்து, துறை. ஒன்று நாற்பது, துறை. எல்லாம் துறை. எல்லாம் உச்சி வெயிலுக்குப் பிறகு. ஓடும் வாகனத்திலிருந்து அழைத்த ஒரு தடவைகூடச் செற் பேச மறுத்ததில்லை. அத்தனையையும் என் கையால் எழுதியிருந்தும் ஒரு தடவைகூட ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. துறையில் யோகன் டீசலை மிச்சம் பிடிக்க இஞ்சினை நிறுத்துவான். பற்றரி இறங்கும். நிழல் இல்லாத இடம், வாகனத்துக்குள் அடுப்பைப் போலக் கொதிக்கும்.

"செற்றை வாகனத்தில் பூட்டி, இஞ்சினை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, வெயிலில் விடுங்கள்" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "சரி. நீங்களும் உள்ளே இருங்கள்."

எங்கள் வாகனம் முகாம் முற்றத்தில் நின்றது. பதினொன்று ஐம்பதுக்கு என்னை உள்ளே ஏற்றிக் கதவை அடித்துச் சாத்தினார்கள். மானியை முன்கண்ணாடி ஓரமாக, இலக்கங்கள் வெளியே தெரியும்படி வைத்தேன். நான் மானியின் பின்பக்கத்திலிருந்து அதை எட்டிப் பார்க்க வேண்டும். துவக்கோடு ஒரு சிப்பாய் பத்து அடி தள்ளி நின்றான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மைக்கை அழுத்த வேண்டும்.

பன்னிரண்டு மணி: சரியான எண். பன்னிரண்டு ஐந்து: சரியான எண். பன்னிரண்டு பத்து, பதினைந்து, இருபது: அதே எண். வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. ஆசனத்தில் நேற்றைய வயோதிபருடைய துவாய் ஒன்று கிடந்தது, அதால் துடைத்தேன். இத்தனை வருடமும் 'பழுதாகிவிடாதே' என்று பொறிகளை மன்றாடிய நான், அன்று 'பழுதாகு' என்று மன்றாடினேன். ஒருவேளை நாள் பூராவும் நின்றுவிட்டால்? என் வாக்குமூலம் அப்போதே அவர்கள் கையில் இருந்தது. அதை இனித் திருப்பி வாங்க முடியாது. முப்பது, முப்பத்தைந்து. கப்டன் நிழலில் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நாற்பதுக்கும் அதே எண். அவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுந்தார். சிப்பாயிடம் ஏதோ சொன்னார். சிப்பாய் கதவை நோக்கி வந்தான்.

அடுத்த ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஆனாலும் நான் மைக்கை அழுத்தினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மானியில் கடைசி இலக்கம் துடித்தது. அதற்கு முந்தியது மாறியது. பிறகு எல்லா இலக்கங்களும் ஓடத் தொடங்கின, யாரும் தொடாமலே. நான் இரு கைகளையும், மைக்கை அழுத்திய விரலோடு, கண்ணாடிக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தேன். கப்டன் குனிந்து, மூக்கு கண்ணாடியில் முட்ட, அந்த எண்களைப் பார்த்தார். அவருடைய சட்டைப்பையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. அதை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அதில் என்ன எண் இருந்தது என்று நான் கேட்கவில்லை; அவரும் காட்டவில்லை.

கதவு திறந்தது. "கம்பியைப் பூட்டுங்கள்" என்றார். அங்கேயே, மூன்று முயற்சியில் ஒட்டினேன். மைக்கை அழுத்தச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது. மானியில் ஒன்றும் வரவில்லை. செற் பேசவில்லை.

"இந்தக் கம்பி நேற்று இங்கே இருந்திருந்தால்," என்று தொடங்கியவர் மீதியைச் சொல்லவில்லை. 47ஆம் பக்கத்தைத் தானே ஒரு அலகால் வெட்டி எடுத்துக்கொண்டார். என்னை இரவு அங்கேயே வைத்திருந்து மறுநாள் விட்டார்கள். அந்த இரவைப் பற்றி எழுதப் போவதில்லை.

யோகனை அதற்கு அடுத்த நாள் விட்டார்கள். அவனுடைய இடது காதில் சவ்வு கிழிந்திருந்தது. அது பிறகு கேட்கவே இல்லை. நான் பழுகாமத்துக்குப் போய், தவமணியும் இருக்கும்போதே, எல்லாவற்றையும் சொன்னேன். தவமணி தேநீர்க் கோப்பையை எனக்கு முன்னால் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். யோகன் வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டான்.

"மச்சான், கம்பி இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, சிவப்பு லைற் எரியேக்க நான் மைக்க அமத்தியிருக்க மாட்டனே. எரிஞ்சுது. ஆனா இனிப் பேசுமெண்டு நீ சொன்னாய். நீ செஞ்சதுதானே எண்டு நம்பி அமத்தினன்."

இருபது வருடத்துக்கு மேலாக இந்த வாக்கியத்துக்கு நான் பதில் தேடியிருக்கிறேன். நீங்கள் ஒரு பாதுகாப்பைக் கழற்றினால், அந்தப் பொறியை நம்பி மைக்கை அழுத்தப் போகிறவரிடம் முதலில் சொல்லுங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால், கழற்றாதீர்கள்.

பாகம் இரண்டு மாதத்தில் வந்தது. யோகன் ஒன்றரை மாதத்திலேயே வாகனத்துக்குத் திரும்பிவிட்டான். வேறு சாரதி கிடைக்கவில்லை என்பான். அதன் பிறகு ஒவ்வொரு காலையும், இரவில் என் அறையில் வைக்கும் செற்றை வாங்க வரும்போது, கையை நீட்டுமுன், தலையைச் சாய்த்து வலது காதை எனக்குக் கொடுத்துக் கேட்பான்:

"சிவப்பு எரிஞ்சா வாய் மூடுமா?"

"மூடும்."

அதைக் கேட்ட பிறகுதான் கையை நீட்டுவான்.